சர்க்கரை போடாமல் இனிப்பு: எங்கே தொடங்கி எந்த வரிசையில் போவது

சர்க்கரையை நிறுத்தப் போகிறேன் என்பவர்கள் முதல் நாள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை வாங்கி அதே டப்பாவில் கொட்டுவார்கள். இல்லையென்றால் பேரீச்சையை அரைத்துக் காப்பியில் கலந்துவிட்டு, டம்ளர் அடியில் தங்கிய சேற்றைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டைப் பார்த்துத் தொடங்கிய உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் அதையே செய்தார்கள். நாலாம் நாள் பழைய டப்பா மேடைக்குத் திரும்பிவிடும்.

தவறு பொருளில் இல்லை, வரிசையில்தான். சர்க்கரையை எடுத்த இடத்தில் உடனே இன்னொன்றைக் கொட்டக் கூடாது. முதலில் நாக்கைப் பழக்க வேண்டும். அடுத்து, இனிப்பை மறைக்கிற கசப்பையும் புளிப்பையும் குறைக்க வேண்டும். அதன் பிறகு, பாத்திரத்தில் ஏற்கனவே இருக்கும் பொருளின் இனிப்பை வெளியே கொண்டுவர வேண்டும். அப்படியும் குறை இருந்தால்தான் பழம்.

1. எது சர்க்கரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தெற்கே போனால் சீனி என்பது வெள்ளை, சர்க்கரை என்றால் வெல்லம். சென்னையில் சர்க்கரை என்றாலே வெள்ளைதான். ஆனால் சர்க்கரைப் பொங்கலுக்கு எல்லா ஊரிலும் வெல்லம்தான் போகிறது. இந்தப் பெயர்க் குழப்பம் அடுப்படியிலும் வேலை செய்கிறது. வெள்ளையை நிறுத்திவிட்டு வெல்லத்துக்கு வந்தவர்கள் சர்க்கரையை விட்டுவிட்டதாகவே நம்புகிறார்கள்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாமே எடையில் பெரும்பகுதி சர்க்கரைதான். தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமைதான். மணம் வேறு, கணக்கு வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு இது: உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, ஒரு நாளைக்கு உடம்புக்குக் கிடைக்கும் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஐந்து ஆறு டீஸ்பூன். இந்தக் கணக்கில் தேனும் வடிகட்டிய பழச்சாறும் அடக்கம். கடித்துச் சாப்பிடும் முழுப் பழம் இதில் வராது.

அதனால் இந்த வழிகாட்டியில் வெல்ல வகைகளும் தேனும் இல்லை. பழம், கிழங்கு, காய், தானியம், தேங்காய், பால் மட்டும்தான்.

2. தொடங்குவதற்கு முன் மூன்று எச்சரிக்கை

வீட்டில் இன்சுலின் போடுபவரோ, சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவரோ இருந்தால், உணவை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இனிப்பு திடீரென்று குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

சர்க்கரை டப்பாவைத் தூக்கி எறியவும் வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கைநடுங்கும் நேரத்தில் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோதான் உடனே உதவும். பேரீச்சையை ஊறவைத்துக்கொண்டிருக்க முடியாது. டப்பாவை மேல் தட்டில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று: பேரீச்சையும் உலர் திராட்சையும் சர்க்கரை நோய்க்காரர்கள் அளவில்லாமல் சாப்பிடும் பொருள் இல்லை. மெத்தென்ற பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான், இயற்கையாக வந்தது என்பது மட்டுமே வித்தியாசம். நார்ச்சத்தும் இருப்பதாலும், கொஞ்சத்திலேயே நாக்கு நிறைந்துவிடுவதாலும் மொத்த அளவு குறைகிறது. லாபம் அவ்வளவுதான்.

3. ஒரு வாரம் அளந்து பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் சரியாக ஒரு கிலோ சர்க்கரையை நிறுத்துப் போடுங்கள். அடுத்த ஞாயிறு மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். வெல்லத்துக்கும் அப்படியே. இந்த ஒரு வாரம் எதையும் குறைக்க வேண்டாம்.

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இனிப்புப் பலகாரம்தான் எதிரி என்று நினைத்திருந்தேன். நிறுத்துப் பார்த்தபோது முக்கால்வாசி காப்பியிலும் டீயிலும் போயிருந்தது. ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன், ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றாலே ஓர் ஆளுக்கு 16 முதல் 20 கிராம். பாயசம் மாதம் ஒரு தடவை, காப்பி வருடம் முழுக்க. எங்கே கசிகிறது என்று தெரியாமல் பாயசத்தில் போய்ப் போராடுவது வீண் வேலை.

4. காப்பி, டீ: இங்கே மாற்றுப் பொருளே வேண்டாம்

காப்பியில் பேரீச்சை, வாழைப்பழம், உலர் திராட்சை எதுவும் சரிவராது. பழத்தின் நார் கரையாது. இங்கே வழி ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது.

வாரத்துக்கு அரை டீஸ்பூன் குறையுங்கள். இரண்டு டீஸ்பூன் போட்டவர் நாலு வாரத்தில் சைபருக்கு வருவார். நாக்கு பழகப் பழக, போன மாதம் சரியாக இருந்த இனிப்பு இந்த மாதம் திகட்டும். ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் மூன்றாம் நாள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கரண்டியால் அள்ளி, கண் மதிப்பில் குறைக்காதீர்கள். கை ஏமாற்றும். குவித்து எடுத்த ஒரு டீஸ்பூன், தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூனுக்குச் சமம். கத்தியின் முதுகால் வழித்துத் தலைதட்டி எடுங்கள்.

கூடவே கசப்பையும் குறைக்க வேண்டும். சர்க்கரை போனதும் டிகாக்‌ஷனின் உண்மையான சுவை வெளியே தெரியும், பல வீடுகளில் அது நன்றாக இருக்காது. சிக்கரி குறைந்த பொடிக்கு மாறுங்கள். முதல் டிகாக்‌ஷனை மட்டும் எடுங்கள். பில்டரில் மறுபடி தண்ணீர் ஊற்றி இறக்கும் இரண்டாவது டிகாக்‌ஷன் நீர்த்துக் கசக்கும், அதைச் சரிக்கட்டவே இத்தனை நாள் சர்க்கரை உதவியது. டீத்தூளை மூன்று நிமிடத்துக்கு மேல் கொதிக்க விடாதீர்கள். துவர்ப்பு இறங்கிவிடும்.

பாலில் இயல்பாகவே 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. அதன் இனிப்பு மெலிதுதான், ஆனால் பாலைச் சிறு தீயில் கொஞ்சம் சுண்டவிட்டால் நாக்குக்குத் தெரியும். தண்ணீர் கலந்த பாலில் அந்த இனிப்பைத் தேட முடியாது.

5. குழம்பில் போடும் அந்தச் சின்ன வெல்லக் கட்டி

வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, தக்காளிச் சட்னி, சில வீடுகளில் ரசம். இறக்கும் முன் ஒரு சின்னக் கட்டி வெல்லம் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. இனிப்புக்காக அல்ல, புளிப்பின் முனையை மழுக்க. அளவு குறைவுதான், தவறென்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் எளிதாக விடக்கூடிய இடம் இது.

சின்ன வெங்காயத்தைத் தாராளமாக எடுத்து நல்லெண்ணெயில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வதக்குங்கள். அவசரத் தீயில் ஓரம் கருகி உள்ளே காரமாகவே இருக்கும். நிதானமாக வதங்கினால் தண்ணீர் வற்றி, காரம் ஆவியாகி, வெங்காயத்தின் சொந்தச் சர்க்கரை திரண்டு நிற்கும். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். இனித்தால்தான் அடுத்த பொருள்.

புளியை வழக்கத்தைவிடக் கால் பங்கு குறையுங்கள். வெல்லம் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் அவ்வளவு புளி கரைக்கிறோம். சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் நாலு துண்டு பரங்கிக்காய் போட்டால் வெல்லம் நினைவுக்கே வராது. தக்காளிச் சட்னிக்குப் பழுத்துச் சிவந்த நாட்டுத் தக்காளியும், வதக்குகையில் ஒரு கைப்பிடி துருவிய கேரட்டும் போதும்.

6. பொருளுக்குள் ஒளிந்திருக்கும் இனிப்பு

பலர் தாண்டிப் போகும் பகுதி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இங்கே வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை.

சர்க்கரைவள்ளிக்கிழங்கில் மாவுச்சத்து நிறைய. அந்த மாவை இனிப்பாக உடைக்கிற நொதியும் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. அது ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் செத்துவிடும். குக்கரில் வைத்தால் கிழங்கு அந்தச் சூட்டை விறுவிறுவென்று தாண்டிவிடுகிறது. வேகும், ஆனால் அவ்வளவாக இனிக்காது.

கிழங்கைக் கழுவித் துடைத்து, தோலோடு கனமான இரும்புச் சட்டியில் அடுக்குங்கள். தண்ணீர் வேண்டாம். மூடி போட்டு, அடுப்பில் இருப்பதிலேயே சின்னத் தீயில் 45 முதல் 60 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். முக்கால் மணி நேரத்தில் தோலில் சின்ன விரிசல் விட்டு, அதன் வழியே பாகு மாதிரி ஒன்று கசிந்து சட்டியில் பொரியும். அந்த வாசனை வந்தால் ஆயிற்று. ஒரே கூடையில் வாங்கிய இரண்டு கிழங்கில் ஒன்றைக் குக்கரிலும் ஒன்றை இப்படியும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வதை நம்ப வேண்டிய தேவையே இருக்காது. மசித்துத் தேங்காய்ப்பால் விட்டால் அதுவே ஒரு இனிப்பு.

தானியத்தில் இதே வேலையைச் செய்வது முளை. கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை முதல் இரண்டு நாள் வைத்தால் வெள்ளையாக முளை விடும். அதைக் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, அரையுங்கள். முளைக்கும்போது தானியம் தன் மாவை உடைக்கும் நொதியைத் தயாரித்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். வாசனை வரட்டும் என்று முளைத்த கேழ்வரகைச் சிவக்க வறுத்துவிடுவார்கள். வறுத்தால் நொதி போய்விடும். சத்துமாவுக்கு வறுத்ததைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கு வேண்டியது வறுக்காத மாவு.

செய்முறை: நாலு மேசைக்கரண்டி சாதாரணக் கேழ்வரகு மாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். அடுப்பை அணைத்து, விரலை விட்டால் ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூட்டுக்கு ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 60 முதல் 65 டிகிரி. இப்போது ஒரு மேசைக்கரண்டி முளைமாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறி, மூடி, 20 நிமிடம் விட்டுவிடுங்கள். திறந்து பார்த்தால் களி மாதிரி இருந்தது கரண்டியிலிருந்து ஒழுகும். மாவு உடைந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். முதல் தடவை பார்த்தபோது யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மறுபடி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். முளைமாவு பச்சையாக இருப்பதால் இந்தக் கொதி கட்டாயம்.

வரும் இனிப்பு சர்க்கரை அளவுக்கு இருக்காது, மெல்லிய இனிப்பு. நாலாம் பகுதியில் சொன்ன நாலு வாரத்தை முடித்தவர்களுக்குத்தான் அது தெரியும். அதனால்தான் காப்பியை முதலில் வைத்தேன்.

7. பேரீச்சை விழுதும் திராட்சைத் தண்ணீரும்

கடையில் பேரீச்சை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் பளபளப்புக்காக குளுக்கோஸ் பாகு சேர்த்திருப்பார்கள். சேர்மானத்தில் பேரீச்சை என்ற ஒரே சொல் இருப்பதுதான் நமக்கு வேண்டும். உலர் திராட்சையில் கருப்பு நல்லது. பொன்னிறத் திராட்சைக்குப் பெரும்பாலும் கந்தகப் புகையோ மருந்தோ காட்டியிருப்பார்கள்.

விழுதுக்கு: 200 கிராம் பேரீச்சை. ஒவ்வொன்றையும் பிளந்து கொட்டை எடுங்கள். கொட்டை எடுத்தது என்று போட்டிருந்தாலும் பிளந்து பாருங்கள். உள்ளே கொட்டையோ பூச்சியோ இருந்ததை இரண்டு தடவை கண்டிருக்கிறேன், ஒரு தடவை மிக்ஸி பிளேடு போனது. 150 மில்லி கொதித்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். ஊறிய தண்ணீரையே விட்டு அரையுங்கள். அதைக் கீழே கொட்டினால் இனிப்பில் ஒரு பங்கும் கீழே போகும்.

தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். முதலில் பாதி, வெண்ணெய் பதம் வந்த பின் மிச்சம். மெலிதாகிவிட்டால் திரும்பக் கெட்டியாக்க அடுப்பில்தான் வைக்க வேண்டும், அது சட்டென்று அடிபிடிக்கும்.

ஒரு மேசைக்கரண்டி விழுதில் ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரைக்கான இனிப்பு. காய்ந்த கரண்டியால் எடுத்தால் பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஐஸ் தட்டில் கட்டியாக உறையவைத்தால் இரண்டு மாதம். நிறம் அடர் பழுப்பு, அதனால் வெள்ளையாக இருக்க வேண்டிய எதிலும் போடாதீர்கள்.

விழுது சரிவராத, தெளிவாக இருக்க வேண்டிய இடத்துக்கு உலர் திராட்சைத் தண்ணீர்: 50 கிராம் திராட்சையைக் கழுவி, ஒரு டம்ளர் வெந்நீரில் இரவு ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டுங்கள். எலுமிச்சைத் தண்ணீர், பழக்கலவை, மோர் இல்லாத குளிர்பானம் எதற்கும் ஆகும். பாலில் மட்டும் ஊற்றாதீர்கள். திராட்சையின் புளிப்பு சூடான பாலைத் திரித்துவிடும். வடிகட்டியதும் அது பழச்சாறு மாதிரிதான் என்பதால் தினமும் குடிக்கும் பொருளாக்க வேண்டாம். வடிகட்டியில் நின்ற சக்கையை எறியாமல் உருண்டையில் சேருங்கள்.

8. ஒரு பாயசம், முழுவதுமாக

நாலு பேருக்கு: 100 கிராம் பாசிப்பருப்பு, 12 பேரீச்சை, ஒரு நடுத்தரத் தேங்காய், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் நெய், பத்து முந்திரி. வழக்கமாக இந்த அளவுக்கு 150 கிராம் வெல்லமாவது போடுவோம். 12 பேரீச்சையில் இருக்கும் சர்க்கரை அதில் பாதிக்கும் குறைவு.

முதலில் தேங்காயை அரைத்து மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் பின்னால் வரும் வேலை கெடும்.

பருப்பை நெய்யில் மணம் வரும்வரை வறுத்து, மூன்றாம் பாலில் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். பேரீச்சையை இப்போதே போட்டுவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். போடாதீர்கள். இனிப்பு சேர்ந்துவிட்டால் பருப்பு அதற்கு மேல் வேகாமல் அடம்பிடிக்கும். வெல்லம் போட்டுச் செய்யும்போதும் இதே விதிதான், அதை மறப்பவர்கள் இதையும் மறக்கிறார்கள்.

பருப்பு மசிந்த பிறகு இரண்டாம் பால். ஒரு கொதி வந்ததும், பத்துப் பேரீச்சையை அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றிச் சிறு தீயில் ஐந்து நிமிடம். கரண்டியை நிறுத்தாதீர்கள், அடியில் உட்காரும். மிச்சம் இரண்டைப் பொடிப்பொடியாக நறுக்கி அப்படியே போடுங்கள். வாயில் துண்டாகச் சிக்கும் இனிப்பு, கரைந்து பரவிய இனிப்பைவிட நாக்கில் அழுத்தமாகப் படும்.

உப்பை இப்போது சேருங்கள். ஒரே சிட்டிகை. உப்பு இருப்பது தெரியக் கூடாது, அது இல்லாவிட்டால் பாயசம் சப்பென்று இருப்பது மட்டும் தெரிய வேண்டும். ஏலக்காயும் சுக்கும் அதன் பின்னால். ஏலக்காய் இனிப்பில்லை. ஆனால் அந்த மணத்தை நாம் பிறந்ததிலிருந்து இனிப்போடு சேர்த்தே முகர்ந்திருக்கிறோம், மூக்கு நாக்கை ஏமாற்றும்.

அடுப்பை அணைத்த பின்னரே முதல் பால். கொதித்தால் திரியும். கடைசியில் வறுத்த முந்திரி. வெதுவெதுப்பாகப் பரிமாறுங்கள். ஆறி, பிரிட்ஜுக்குள் போய் வந்த பாயசத்தில் இனிப்பு பாதி காணாமல் போயிருக்கும். குளிர்ச்சி நாக்கை மந்தமாக்குகிறது.

9. பணியாரத்துக்கும் அப்பத்துக்கும் வாழைப்பழம்

இனிப்புக்கு வாங்க வேண்டியது கற்பூரவள்ளி, அல்லது தோல் கருக்கத் தொடங்கிய நேந்திரன். பூவனில் புளிப்புக் கலந்திருக்கும், மாவு சீக்கிரம் பொங்கிப் புளிக்கும். வாழை பழுக்கப் பழுக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதனால் பழக்கடையில் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் நமக்கு வேண்டியது, விலையும் குறைவு.

இரண்டு கப் கோதுமை மாவுக்கு நாலு கற்பூரவள்ளியைக் கையால் மசியுங்கள். மிக்ஸியில் அடித்தால் கொழகொழப்பாகிவிடும். தேங்காய்த்துருவல், ஏலம், உப்பு சேர்த்துத் தண்ணீரைக் கடைசியில் பார்த்துப் பார்த்து விடுங்கள். பழம் தானே நீர் விடும். கரைத்த அரை மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மாவு கறுக்கும்.

தீ குறைவாக இருக்கட்டும். பழச் சர்க்கரை சீக்கிரம் சிவந்துவிடும், வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கும் பணியாரம் எல்லாருக்கும் முதல் ஈட்டில் வரும். குழிக்கு மூடி போட்டால் சரியாகும்.

10. எள், கடலை உருண்டை

வறுத்த வேர்க்கடலை, வறுத்த எள், பேரீச்சை. கடலையும் எள்ளும் முழுக்க ஆறிய பிறகு தனியாகப் பொடியுங்கள். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். பேரீச்சை காய்ந்து போயிருந்தால் இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் உருண்டை மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். எடையில் பேரீச்சை ஒரு பங்கு, கடலையும் எள்ளும் சேர்ந்து இரண்டு பங்கு. நெல்லிக்காய் அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள்.

11. எதில் முயலவே கூடாது

அதிரசம், மைசூர்பாகு, ஜிலேபி, கடலைமிட்டாய். இவற்றில் சர்க்கரை சுவைக்காக மட்டும் இல்லை, பாகுப்பதம்தான் உருவத்தையே பிடித்து வைக்கிறது. பேரீச்சை விழுதுக்குக் கம்பிப்பதமும் கிடையாது, உருட்டுப்பதமும் கிடையாது. பேரீச்சை அதிரசம் என்று ஒரு தீபாவளிக்கு முயன்றேன். எண்ணெயில் போட்டதும் பிரிந்து, சட்டி முழுக்கக் கருப்புத் தூளாக மிதந்தது. பண்டிகைக்கு அதிரசம் வேண்டுமென்றால் வெல்லம் போட்டு ஒழுங்காகச் செய்யுங்கள், ஒன்று சாப்பிடுங்கள்.

இனிப்பு ஊறுகாய், ஜாம் வகைகளிலும் இதே சிக்கல். அங்கே சர்க்கரைதான் கெடாமல் காப்பாற்றுகிறது. சர்க்கரையில்லா ஜாம் என்பது பிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கிற பழ மசியல், அவ்வளவுதான்.

12. சீனித்துளசி, அதிமதுரம்

சீனித்துளசி (ஸ்டீவியா) செயற்கை இல்லைதான். இரண்டு இலை எலுமிச்சைத் தண்ணீருக்குப் போதும். அதற்கு மேல் போனால் பின்சுவை கசக்கும். கடையில் அந்தப் பெயரில் விற்கும் பொடிகளில் வேறு இனிப்பூட்டி கலந்தவையும் உண்டு, லேபிளைப் பாருங்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது இதையும் சேர்த்தேதான் சொன்னது. என் குறை வேறு: நாக்கு அதிக இனிப்பிலேயே நிற்கிறது, நாலு வாரப் பழக்கம் வீணாகிறது.

அதிமதுரத்தை மூலிகைதானே என்று தினமும் டீயில் போடாதீர்கள். தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, உடம்பில் பொட்டாசியத்தை இறக்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பக்கமே போக வேண்டாம்.

13. இனிப்பு போதவில்லை என்றால்

விழுது டப்பாவுக்குக் கை போகும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

உப்பு போட்டீர்களா? பத்தில் ஐந்து தடவை குறை அங்கேதான். அடுத்து, புளிப்போ கசப்போ மேலே நிற்கிறதா? நின்றால் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் அதை அடக்கும். மூன்றாவது, உணவு ஆறிப் போயிருக்கிறதா? சூடாக்கிப் பாருங்கள். நாலாவது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள்? நெல்லிக்காய் தின்றுவிட்டுக் குடித்தால் வெறும் தண்ணீரே இனிக்கும். கடை லட்டு தின்றுவிட்டு வந்தால் கற்பூரவள்ளியே சப்பென்றிருக்கும். சமைக்கும்போது ருசி பார்ப்பவர் முதலில் வாய் கொப்பளிக்க வேண்டும்.

இந்த நாலும் சரியாக இருந்து இன்னும் குறைந்தால், ஒரு மேசைக்கரண்டி விழுது சேர்த்து, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி ருசி பாருங்கள். கலந்தவுடனே பார்த்தால் தெரியாது, அதனால்தான் எல்லோரும் இரண்டாவது கரண்டியையும் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் இன்னும் பழகாதவர் ஒருவர் இருந்தால் மொத்தப் பாத்திரத்தையும் அவருக்காக இனிப்பாக்க வேண்டாம். அவர் கிண்ணத்தில் மட்டும் மேலே நாலு உலர் திராட்சை.